நாக்கில்லாத மணியும் நாலாவது அடையாளமும்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பொருட்காட்சியில் காணாமல் போனவர்களை அறிவிக்கிற மைக் அறைக்கு வந்த பெண் அவள்.

"அண்ணா, இனி மைக்குக்கு வேலையே இல்லீங்க. உள்ள வர்ற கொழந்தைங்க கையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப்போடறோம். யாராச்சும் அதைப் போன்ல காட்டுனாப் போதும், அம்மா அப்பா நம்பர் வந்துருது."

"பெரியவங்க தொலைஞ்சா?" என்று கேட்டேன்.

"பெரியவங்க எதுக்குங்ணா தொலையறாங்க?"

பாவம், அவள் அந்த ராசிபுரம் முகாமைப் பார்த்ததில்லை. பெரியவர்கள் வரிசையில் நின்று, ஒருவரையொருவர் முண்டிக்கொண்டு, முறைப்படி தொலைந்துபோன முகாம் அது.

போனை வைக்கும் முன், எல்லோரும் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள். "அந்தக் கெடா நெசமாலுமே துளுக்கலீங்களா?" பன்னிரண்டு வருடமாக இதற்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை, ஒரு மயிர்கூட அசையவில்லை. அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல இப்போதுதான் எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கொடுத்தது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். முப்பது தறி ஒன்றாக ஓடும் கொட்டகையில், அந்தக் கோடியில் இருப்பவனிடம் டீ வந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நான் கத்தினால் தறிகூட ஒரு நொடி நின்று கேட்கும் என்பார்கள். ஊருக்குப் பொருட்காட்சி வந்தபோது மைக் கெட்டுப்போனது. கூட்டத்தில் காணாமல் போன என் பங்காளியை வெறும் வாயால் கூப்பிட்டு நான் வரவழைத்தேன். மேனேஜர் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே வேலை கொடுத்தார். பயிற்சி என்றால் இரண்டு வாரம், அதுவும் மைக்கைத் தூரப் பிடிப்பது எப்படி என்பது மட்டும். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று ராட்டினத்தோடு ராட்டினமாகச் சுற்றினேன்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயிலோ மழையோ கையில் மடக்குக் குடை இருக்கும். அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. ஆட்களைச் சுட்டிக்காட்டத்தான் அந்தக் குடை. கோபம் வந்தால் மற்றவர்கள் மரியாதையைக் குறைப்பார்கள், இவர் கூட்டுவார். "ஏப்பா" என்று கூப்பிட்டால் மனிதர் குளிர்ந்திருக்கிறார் என்று பொருள். "ஏனுங்க" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரியவர் சின்னவர் எல்லோரையும் பாசமாகக் கூப்பிடுகிற சொல் 'சாமி'. அவர் வாயிலிருந்து அது வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மரணக்கிணற்றில் பைக் ஓட்டுகிறவர்கள்கூட அந்தச் சொல்லுக்கு நடுங்குவார்கள்.

முதல் நாளே எனக்கு அவர் சொன்ன விதி ஒன்றுதான். "மூணைச் சொல்லு. நாலாவதை ஒளிச்சு வை."

ஒரு பொருளோ ஆளோ கிடைத்தால் நான்கு அடையாளம் குறிக்க வேண்டும். பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் மூன்றை மேலே எழுதி, நாலாவதைக் கீழே எழுதி, கீழ்ப்பகுதியை மடித்துவிட வேண்டும். மேலே இருப்பதுதான் மைக்குக்கு. உரிமை கொண்டாடி வருகிறவர் மடிப்புக்குள் இருப்பதைத் தானாகச் சொல்ல வேண்டும். சொன்னால் அவருடையது. மூன்று முறை வாசிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி முடிய வேண்டும். குழந்தை கிடைத்தால் 'அழுதுகொண்டிருக்கிறாள்' என்று சொல்லவே கூடாது. 'ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்' என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தாய்க்காரி வழியிலேயே மயங்கி விழுவாள். அதற்காகவே மைக் அறையில் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது அல்லவா.

ஒரே ஒரு தடவை நான் ஒரு குடையின் நாலாவது அடையாளத்தையும் சேர்த்து வாசித்துவிட்டேன். முதலில் வந்தவர் குடையோடு போய்விட்டார். சொந்தக்காரர் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தார். அன்றைக்கு மேனேஜர் என்னை "ஏனுங்க" என்று மூன்று முறை கூப்பிட்டார். பிறகு நான் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

சின்னராசு வந்தது ராசிபுரம் முகாமில், கொட்டகை போட்ட மூன்றாம் நாள். ஒல்லி ஆள், நாற்பது வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி, அதில் இரண்டு கட்டை பேசாது. பிறந்தது நாமகிரிப்பேட்டைப் பக்கம் என்றான். போர்வெல் லாரிப் பூஜையில் பாடியிருக்கிறான், கல்யாண மண்டபத்தில் பாடியிருக்கிறான், சாவு வண்டியில் பாடியிருக்கிறான், தேர்தல் ஜீப்பில் எல்லாக் கட்சிக்கும் பாடியிருக்கிறான். எந்த இடத்திலும் நாற்பது நாளுக்கு மேல் இருந்ததில்லையாம்.

"அதென்ன நாப்பது?" என்று மேனேஜர் கேட்டார்.

"அதுக்கு மேல இருந்தா சாப்பிட்டியான்னு கேக்க ஆரம்பிச்சர்றாங்கங்க. அப்புறம் கெளம்பறது கஷ்டம்."

டெல்லி அப்பளக் கடையில் பொரிக்க விட்டோம். பாடிக்கொண்டே பொரித்தான். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் வாங்க மறந்தார்கள், பொரிக்கிறவன் திருப்ப மறந்தான். இரண்டாம் நாள் எனக்கு எடுபிடியாக மைக் அறைக்கு அனுப்பப்பட்டான்.

அந்த வாரம் என் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லாம் அந்த ஐஸ் பெட்டியின் வேலைதான். ராட்டினத்துக்குக் கீழே ஒரு பல்செட் கிடைத்தது. வழக்கம்போல் சீட்டு எழுதி, வாசிக்கச் சொல்லி சின்னராசுவிடம் கொடுத்தேன். அவன் சீட்டைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டான்.

"மேலே பத்து, கீழே எட்டு,
சிரிச்சபடியே கெடக்குது.
கரும்பு கடிச்ச வாயைத் தேடித்
தனியாச் சிரிச்சு வாடுது."

மைதானம் அப்படியே நின்றது. ராட்டினக்காரன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான், மேலே இருந்தவர்கள் மேலேயே இருந்தார்கள். பல்லின் சொந்தக்காரர், பெரிய நெய் வியாபாரி, வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பல்லை மாட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை "இன்னொருக்காப் பாடுங்க" என்பதுதான்.

எனக்குப் பற்றி எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? இத்தனை வருடத்தில் என் குரலைக் கேட்டு ஒருவர்கூட இன்னொருமுறை என்று சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து ராசிபுரத்தில் ஜனங்கள் தொலைய ஆரம்பித்தார்கள். முதலில் செருப்பு, குடை, டிபன் கேரியர் என்று தொலைத்தார்கள். பிறகு ஒரு பட்டுத்தறிக்காரர் பெண்சாதியைக் காணோம் என்று வந்தார். அந்த அம்மாள் அவருக்கு மூன்றடி பின்னால் நின்று, "சேலை நெறத்தச் சரியாச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நேராகவே வந்தார்கள். "நாந்தானுங்க தொலைஞ்சு போனவன். எம்பேரு பழனிவேலு. ராகம் உங்க இஷ்டம்." நங்கவள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்து தொலைந்துவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. மைக் அறை முன்னால் கயிறு கட்டி, 'காணாமல் போனவர்கள் வரிசையில் வரவும்' என்று மேனேஜரே பலகை வைத்தார். உச்சியில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கூடுதலாகக் கட்டச் சொன்னார். அது மைதானத்தின் மேற்கே, தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் பார்த்திருந்தது. சின்னராசுவை அவர் "ஏப்பா" என்றுதான் கூப்பிட்டார். என்னை ஒன்றும் சொல்லியே கூப்பிடவில்லை.

இருபதாம் நாளோ என்னவோ, ஒரு சனிக்கிழமை மாலை. நான் டீ குடித்துவிட்டு வந்தால் அந்தப் புதுக் குழாய்க் கம்பத்தின் கீழே ஒரு கிடா நிற்கிறது. கருப்புக் கிடா, நல்ல வளர்த்தி. அண்ணாந்து குழாயைப் பார்த்தபடி நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு. சின்னராசு அப்போது ஏதோ ஒரு வாத்தியாரின் மூக்குக் கண்ணாடியைப் பாடிக்கொண்டிருந்தான்.

முறைப்படி சீட்டு எழுதினேன். கருப்பு நிறம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. இடது காதில் வெட்டு. நாலாவது: கழுத்து மணிக்குள் நாக்கு இல்லை. எத்தனை ஆட்டினாலும் சத்தம் வராத மணி. இதைவிட நல்ல நாலாவது அடையாளம் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆசையோடு மடித்துக் கொடுத்தேன். அவன் பிரித்துவிட்டான்.

"கருப்புக் கெடா, நெத்தியிலே வெள்ளப் பொட்டு,
இடது காது ஓரத்துல சின்ன வெட்டு.
கழுத்து மணிக்குள்ளாற நாக்கு இல்ல,
கத்தாமத் தவிக்குது, யாரூட்டுப் புள்ள?"

"அடப்பாவி, நாலையும் பாடிட்டியே!"

"மூணோட நிறுத்துனா பாட்டு நொண்டுதுங்ணா" என்றான்.

கால் மணி நேரத்தில் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். பதினோரு பேரும் முதல் வார்த்தையாக மணிக்குள் நாக்கு இல்லை என்றார்கள். அதில் ஒருவர், நாக்கு எங்கே விழுந்தது என்றுகூட இடம் சொன்னார். இன்னொருவர் கிடாவைத் தன் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.

மேனேஜர் வந்தார். சீட்டின் மடிப்பு பிரிந்திருப்பதைப் பார்த்தார். குடையால் எங்கள் இருவரையும் சுட்டினார். "சாமிகளே" என்றார். முப்பது வருடத்தில் பன்மையில் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான். "கெடா உரிய கையில போய்ச் சேரோணும். இல்லீன்னா நீங்க ரெண்டு பேரும் நாளைக்கு வேற எங்காச்சும் சௌகரியமா இருந்துக்கலாமுங்க, சாமி."

அடையாளம் தீர்ந்துபோன கிடாவுக்கு உரியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? யோசனை சொன்னதும் மேனேஜர்தான். எங்கள் பக்கத்தில் கிடாவை அப்படியே வெட்டிவிட முடியாது. சாமி முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சம்மதமா என்று கேட்க வேண்டும். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்குத் துளுக்குவது என்று பெயர். துளுக்கினால்தான் கத்தி. துளுக்காவிட்டால் சாமியே நேரில் வந்து சொன்னாலும் பூசாரி கத்தியைத் தொட மாட்டார். "சொந்தக்காரன் தண்ணி தெளிச்சா கெடாவுக்குத் தெரியாமலா போயிரும்? யாருக்குத் துளுக்குதோ அவங்களுது" என்றார் மேனேஜர். அந்த நேரத்தில் அது மிகவும் நியாயமாகத்தான் பட்டது.

பதினோரு பேரும் வரிசையாக வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து தெளித்தார்கள். கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள், ஒருவர் காதுக்குள் ஊதிப் பார்த்தார். கிடா தொட்டியில் ஊறிய பருத்தி மூட்டை மாதிரி சொட்டச் சொட்ட நின்றதே தவிர, அசையவில்லை. "கல்லுக்கெடாயா இருக்குது" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். பெரியப்பாவுக்காக அழுதவர் மட்டும் போகும்போது தன்னைத் தொலைந்தவராகப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் அந்தப் பெண் ஓடி வந்தாள். கையில் கயிற்றின் மறுபாதி. நனைந்த கிடாவைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

"அய்யோ, தண்ணி ஆருங்க தெளிச்சது? துளுக்கிப்போட்டுதா?"

"இல்லீங்களே" என்றார் மேனேஜர்.

அவள் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கயிற்று நுனியையும் சேர்த்துப் பார்த்தேன், பொருந்தியது. பெயர் பாவாயி என்றாள். தோப்புக்கு அந்தப் பக்கம் வீடு. புருஷன் போர்வெல் லாரியில் வடநாட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சலில் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, தோப்புக் கருப்பனாருக்கு ஒரு கிடா வெட்டுவதாக இவள்தான் வேண்டிக்கொண்டாள். அவர் எழுந்து நடந்து வீடு வந்து சேர்ந்தார். குட்டியாக வாங்கிய கிடா இவள் கையிலேயே வளர்ந்தது.

"மூணு வருசமா கோயல் நோம்பிக்குத் துளுக்குக் கேக்கறாங்கங்க. சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் எலை போட்டு உக்காந்திருக்கும். இது துளுக்காதுங்க. அவரு ஒரு பக்கம் நின்னு துளுக்கோணும் சாமின்னு வேண்டுவாரு. நான் இந்தப் பக்கம் நின்னு, வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமின்னு வேண்டுவேன். மூணு வருசமா கருப்பனாரு எம்பட பக்கம்."

"மணிக்கு நாக்கு?" என்று கேட்டேன்.

"நான்தானுங்க கழட்டிப்போட்டேன். அந்தச் சத்தத்துக்கு உடம்பை ஆட்டிப்போடுச்சுன்னா?"

நாளைக்குப் பதினோரு மணிக்கு மறுபடியும் துளுக்குக் கேட்கப் போகிறார்களாம். சொந்தக்காரி கிடைத்துவிட்டாள், எங்கள் வேலையும் தப்பித்தது. சின்னராசுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிடாவின் கழுத்து மணியைத் துடைத்துக்கொண்டே மெல்ல ராகம் இழுத்தான். நான்கு சுரம்கூட இருக்காது.

கிடா துளுக்கியது.

கொம்பு நுனியில் ஆரம்பித்து, கழுத்து, முதுகு, வால் நுனிவரை ஓர் அலை ஓடியது. பதினோரு பேர் தெளித்த தண்ணீரும் எங்கள் நான்கு பேர் முகத்திலும் தெறித்தது.

பாவாயி கிடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கோயல்ல துளுக்குனாத்தானுங்க கணக்கு?" என்று மேனேஜரைக் கேட்டாள். அவரோ மைக் அறையில் மாட்டியிருந்த கருப்பனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தினமும் சூடம் காட்டுகிற படம். பிறகு பாட்டிலை எடுத்து அதன் லேபிளை முழுவதும் படித்தார். "மஞ்சள் கலக்காத தண்ணி" என்றார். படத்தை நோக்கிக் குடையை நீட்டி அளந்தார். "கெடா கெழக்கப் பாத்து நின்னுது. படம் தெக்கப் பாத்துத் தொங்குது." இவ்வளவு சொல்லியும் அவருக்கே திருப்தி வரவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"கருப்புன்னு சொல்லு. பொட்டுன்னு சொல்லு. வெட்டுன்னு சொல்லு. இப்பப் பாத்தது நாலாவது. மைக் ரூம்ல நாலாவதை என்ன பண்ணுவோம்?"

"ஒளிச்சு வெப்போமுங்க."

"அவ்வளவுதான்."

ஆனால் பிரச்சினை தீரவில்லை. மேற்கு பார்த்த குழாய் நேராகக் கோயில் வாசலில்தான் ஒலிக்கும். நாளை ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கே கேட் திறந்துவிடும். தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் சின்னராசு வாயைத் திறந்தால் கிடா போயிற்று. குழாய்கள் எல்லாம் ஒரே ஒயரில் ஓடுகிறவை, ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது. மைக்கையே நிறுத்தலாம் என்றால் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. கேட் திறந்திருக்கும்போது மைக் சாகக் கூடாது, யாராவது நிஜமாகவே தொலைவார்கள் என்றார். முடிவாக, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை சின்னராசு வாய் திறக்கக் கூடாது, நான்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. என் முறை திரும்பி வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மறுநாள் பத்தே முக்காலுக்குத் தோப்புப் பக்கம் மேளம் கேட்டது. காணாமல் போனவர்கள் வரிசை ராட்டினம்வரை நீண்டிருந்தது. பாட்டு இல்லை என்றதும் ஒரே ரகளை. சின்னராசு ஐஸ் பெட்டி மேல் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது வளையல் கடைக்காரர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்கு வயது இருக்கும். நிஜமாகவே தொலைந்த குழந்தை. ஏங்கி ஏங்கி அழுது முகம் நீலம் பாரித்துவிட்டது. பெயர் கேட்டால் சொல்லவில்லை, ஐஸைத் தட்டிவிட்டது.

சீட்டு எழுதினேன். மஞ்சள் கவுன், இரட்டைச் சடை, ஒரு கால் செருப்பு இல்லை. நாலாவதை மடித்தேன். என் முழுக் குரலில் வாசித்தேன். ராட்டினம் சுற்றி முடிந்தது. மறுபடி வாசித்தேன். மூன்றாவது முறையும் வாசித்தேன். ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு வாரமாக அந்தக் குழாயில் பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு என் குரல் ஜெனரேட்டர் சத்தத்தோடு சத்தமாகப் போய்விட்டது. தறியை நிறுத்திய குரல். அந்த அவமானத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

குழந்தைக்கு அழுது அழுது வாந்தி வந்துவிட்டது. அதைப் பெற்றவள் இந்நேரம் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறாளோ. சின்னராசு துண்டை எடுத்துவிட்டு எழுந்து மைக்கைப் பிடித்தான். "அண்ணா, ஒரே ஒரு அடி பாடிப்போடறனுங்க." அந்த நொடியில் தோப்புப் பக்கம் மேளம் நின்றது. தண்ணீர் தெளிக்கப் போகிறார்கள் என்று பொருள். அவன் என்னைப் பார்த்தான், நான் குழந்தையைப் பார்த்தேன். மைக்கை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

நான் பாடினேன்.

அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்குப் பாவம். தறிக் கொட்டகையில் கத்திய கத்தலை இழுத்து நீட்டினேன், அவ்வளவுதான். "மஞ்சக் கவுனே, ரெட்டைச் சடையே, ஒத்தைச் செருப்பே, அம்மா எங்க, அய்யன் எங்க" என்று தொடங்கினேன். மேலே போன சுரம் இறங்கி வர வழி தெரியாமல் அங்கேயே நின்று கத்தியது. மைதானமே திரும்பிப் பார்த்தது. ஒருவர் காதைப் பொத்தினார், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரணக்கிணற்று பைக்குகள் பயந்துபோய் இறங்கிவிட்டன. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தது.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். "மஞ்சக் கவுனுன்னு கேட்டுது, எம்புள்ளைதானுங்க" என்று கையை நீட்டினாள். குழந்தை தாவியது. ஆனாலும் விதி விதிதான். இன்னும் ஓர் அடையாளம் சொல்லம்மா என்றேன். "கையில பேனாவுல வாட்ச் வரைஞ்சு உட்டனுங்க, காத்தால அடம் புடிச்சாளேன்னு." மடிப்பைப் பிரித்துக் காட்டினேன். 'இடது மணிக்கட்டில் பேனாவால் வரைந்த கடிகாரம்.' அவ்வளவு கத்தலிலும் நாலாவதை நான் பாடவில்லை.

அவர்கள் போன பிறகுதான் எனக்குக் கிடா ஞாபகம் வந்தது. மேனேஜர், சின்னராசு, நான் மூன்று பேரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். மேளம் மறுபடி அடிக்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பாவாயி வந்தாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கிடா.

"துளுக்கலீங்க. ஒரு மயிருகூட அசையலீங்க. நீங்க பாடுனப்போ பூசாரி சொம்பைக் கீழ போட்டுட்டாருங்க. ஒறம்பரை எல்லாம் தோப்புக்குள்ள ஓடுனாங்க. இது மட்டும் அப்புடியே நின்னுதுங்க."

மேனேஜர் குடையால் என்னைச் சுட்டினார். "ஏப்பா" என்றார். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! "இனிமேப் பாடாதே."

சின்னராசு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "அது என்ன ராகமுங்ணா?" விசைத்தறி என்றேன்.

நாற்பதாம் நாள் காலையில் அவன் ஆத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டான். முந்தைய இரவு நான் தெரியாத்தனமாக அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயனில்லை. போட்டிக்காரன் போனதில் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அடுத்த முகாம் நாமக்கல்லில் யாரும் கேட்காத நேரமாகப் பார்த்து, ஒல்லி உடம்பு, தோள்பை, இரண்டு கட்டை பேசாத ஆர்மோனியம் என்று மூன்று அடையாளம் வாசித்தேன். எவரும் வரவில்லை. மேனேஜருக்கு அது கேட்டிருக்கும். இப்போது அவரும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் பாவாயி கூப்பிட்டாள். நோம்பிதோறும் துளுக்குக் கேட்டுக் கேட்டு அவள் புருஷன் ஏழாவது வருடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். கருப்பனாருக்கு இந்தக் கிடா வேண்டாம், நாமக்கல் பிராய்லர் போதும்போல என்று சொந்தபந்தமும் முடிவுக்கு வந்துவிட்டதாம். கிடா கிழடாகி, பல் விழுந்து, ஒருநாள் தீனி எடுக்காமல் படுத்துவிட்டது.

"சின்னராசுக்குப் போன் போட்டனுங்க" என்றாள்.

"அவன் நம்பர் உங்ககிட்ட எப்படி?"

"வருசா வருசம் நோம்பியன்னிக்குக் கூப்புடுவாருங்க. துளுக்குச்சான்னு கேப்பாரு. அதுவும் ஆட்டுக்குக் கேக்காத தூரம் போயிப் பேசுங்கம்பாரு. வேறொண்ணும் பேச மாட்டாரு."

எந்த ஊரிலும் நாற்பது நாளுக்கு மேல் நிற்காதவன். எனக்கு ஒரு நாளும் போன் செய்யாதவன். எனக்கு வந்தது அழுகையா பொறாமையா என்று தெரியவில்லை.

"அன்னிக்குப் போனை ஆட்டுக் காதுல வெக்கச் சொன்னாரு. அவரு பாடுனாருங்க, அதே நாலு அடி. நாக்கில்லாத மணின்னு வருமே, அந்தப் பாட்டு. அது தலையத் தூக்கலீங்க. துளுக்க எங்கிருந்து சத்து? காதை மட்டும் ஆட்டுச்சு. அந்த வெட்டுக் காதை. அப்புறம் போயிருச்சு."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"இனிப் பயமில்லீங்க. நாலாவதையும் எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடுங்க."